எட்டுக் கொட்டாங்கச்சி

கடுக்கம்பட்டி, கல்வராயன்மலை
10-8-87

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வி எழுதுறது. நான் நல்லா இருக்கேன். இருமல் விட்டுடுச்சி. நீங்க அனுப்பின கம்பளி வந்து சேர்ந்துச்சி. அத்தை போட்டுக் குடுத்த எலுமிச்சை ஊறுகாயில பாதியை இருசப்பன் வூட்டுக்குக் குடுத்துட்டேன். இருசப்பன் இந்த ஊருக்குப் பெரியவர். அவர் மருமக குப்பாயிக்கு இது ஏழாம் மாசம். புளிப்புக்கு ஏங்கிக்கினு இருந்தா. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க.

இங்க வேலை ஜாஸ்தி ஆயிடுச்சி. ஓடைக்கு மேல்புறம் மேலப்பட்டின்னு ஒரு ஊர். அங்க நாலு பேருக்கு வாந்திபேதி. எங்க ஊருக்கு இன்னும் வரல. எங்களுக்கு ஒரே ஒரு கிணறுதான். அதுக்கு வாரம் ரெண்டு கொட்டாங்கச்சி பிளீச்சிங் பவுடர் போடறது என் வேலை. இனிமே அளவு மாறும்னு சொல்றாங்க.

புதுசா சுகாதார ஆய்வாளர் வந்திருக்கார். வீரமணின்னு பேர். கள்ளக்குறிச்சியில கருணாபுரத்துக்காரர். பதினாலு ஊரையும் நடந்தே பாக்கறார். ஆபீஸ்லேர்ந்து வர்ற சர்க்குலர் எல்லாம் இங்கிலீஷ்லயே வருது. நான் டிக்சனரியை வெச்சிக்கினு முழிச்சிக்கினு இருந்தேன். வீரமணி சார் பக்கத்துல உக்காந்து வரி வரியா அர்த்தம் சொன்னார். "அவன் எழுதினதை அப்படியே தமிழ்ல போட்டுப் பாக்காதீங்க சிஸ்டர், இன்னா நெனச்சி எழுதினான்னு பாருங்க"ன்னார். நீங்க சொல்லிக்குடுத்ததுக்கு அப்புறம் இவ்ளோ பொறுமையா எனக்கு யாரும் சொல்லிக்குடுத்ததில்ல மாமா. வீரமணி சாருக்கு உங்களைப் பத்திச் சொல்லி இருக்கேன்.

நீங்க சொன்ன மாதிரி கடைசியில ஒரு இங்கிலீஷ் வாக்கியம்: த ஹில் இஸ் கோல்டர் தேன் அவர் வில்லேஜ். தப்பிருந்தா திருத்துங்க.

உங்கள் செல்வி


சங்கராபுரம்
16-8-87

அன்புள்ள செல்விக்கு,

தெய்வசிகாமணி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. வாக்கியத்தில் தவறில்லை.

கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். வீரமணி என்ற பெயர் மூன்று இடத்தில் வருகிறது. என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. 'மாமா' என்பதை எண்ணவில்லை, அது பழக்கத்தில் வருவது.

பத்தாம் வகுப்பில் இரண்டு முறை ஆங்கிலத்தில் தோற்றுப்போனவள் நீ. கல்யாணமான புதிதில் சைக்கிளின் பின்னால் உன்னை உட்கார வைத்துக்கொண்டு, மிதிக்கு ஒரு வினைச்சொல்லாகச் சொல்லிக்கொடுத்து, நர்சிங் பயிற்சிக்கு அனுப்பியவன் நான். அதை அவனிடம் சொன்னாயா? 'என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார்' என்று மட்டும் சொல்லியிருப்பாய்.

பக்கத்தில் உட்கார்ந்துதான் அர்த்தம் சொல்ல வேண்டுமா? எதிரில் நின்று சொன்னால் ஆங்கிலம் புரியாதா?

அவனுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மதிப்பெண் பார்த்தா கொடுத்தார்கள்? அவனுடைய ஆங்கிலத்தை நம்பி ஒரு ஊரையே ஒப்படைக்காதே. சந்தேகம் இருந்தால் எனக்கு எழுது. பதினோரு ஆண்டாக நான் பாடம் நடத்துகிறவன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

தெய்வசிகாமணி


கடுக்கம்பட்டி
24-8-87

மாமாவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு அடுப்புல போட்டுடலாமான்னு பாத்தேன். அப்புறம் மனசு வரல.

சார் உக்காந்தது வெளியில கல்லு மேல. நான் உக்காந்தது வாசப்படியில. நடுவுல இருசப்பனும் அவர் நாயும். போதுமா?

வேலை எப்படிக் கிடைச்சதுன்னு எழுதி இருக்கீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல. உங்க தம்பி அன்புச்செல்வன் நம்ம ஜனத்துக்கும் ஒதுக்கீடு வேணும்னு சங்கத்துல சேர்ந்து ஊர் ஊரா போய்க்கினு இருக்கார். அவங்க நோட்டீசுக்கு எழுத்துப்பிழை திருத்திக் குடுத்தது நீங்க. நமக்குக் கேட்டா உரிமை, அதே ஒதுக்கீட்டுல அவருக்குக் கிடைச்சா எளப்பமா? இதை உங்க வாயால கேட்டிருந்தா எதிர்ல நின்னே கேட்டிருப்பேன்.

சரி, சண்டை போதும். உங்ககிட்ட ஒரு முக்கியமான சந்தேகம். நேத்து நம்ம ஊர்லயும் ஒருத்தருக்குப் பேதி கண்டுச்சி. இப்போ பொழைச்சிக்கிட்டார். நோய் வந்த ஊர்க் கிணத்துக்குப் பவுடர் எவ்ளோ போடணும்னு சர்க்குலர்ல ஒரே வரி: த குவான்டிட்டி ஷுட் பி த்ரீ டைம்ஸ் மோர் தேன் யூஷுவல்.

வழக்கமா ரெண்டு கொட்டாங்கச்சி. சார் மூணு பங்கு, அதனால ஆறுங்கறார். நான் கேட்டேன், 'மோர்'னு இருக்கே, ரெண்டு போக ஆறு ஜாஸ்தின்னா எட்டு ஆகாதான்னு. அவர் சர்க்குலரைத் திரும்ப வாங்கிப் பாத்தார். "வார்த்தையைப் பாத்தா எட்டுன்னும் எடுக்கலாம் சிஸ்டர். ஆனா எழுதறவங்க மூணு பங்கைத்தான் அப்படி எழுதுவாங்க"ன்னார். ஆபீசுக்குக் கேக்கலாம்னா வெள்ளிமலையில இருக்கற ஒரே போனும் செத்துக் கெடக்கு.

இப்போதைக்கு ஆறு போட்டுக்கினு இருக்கோம். ஜனங்க மூக்கைப் பிடிச்சிக்கினு குடிக்கிறாங்க. ஆறா எட்டா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா எனக்கு நிம்மதி.

இந்த வாரத்து இங்கிலீஷ் வாக்கியம், கோவத்துலயே எழுதறேன்: ஐ ரெஸ்பெக்ட் வீரமணி சார் மோர் தேன் யூ.

செல்வி


சங்கராபுரம்
30-8-87

செல்விக்கு,

உன் கடைசி வரியைப் படித்தேன். இலக்கணப் பிழை இல்லை. நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

என்னைவிட அவனை அதிகம் மதிக்கிறாய் என்பதைத் தமிழில் எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதிவிட்டாய். பள்ளியில் இன்று மூன்றாம் பாடவேளையில் கரும்பலகையில் என்ன எழுதினேன் என்றே எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: எட்டு. சந்தேகமே வேண்டாம். விளக்கத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அந்தத் தாளை அவனிடம் காட்டு. கட்டாயம் காட்டு.

தெய்வசிகாமணி

(இணைப்பு)

ஒரு முழம் பூ இருக்கிறது. அதைவிட மூன்று முழம் அதிகம் என்றால் மொத்தம் எத்தனை முழம்? நான்கு. மூன்று என்று யாராவது சொல்வார்களா?

வீட்டிலிருந்து பள்ளி ஒரு மைல். அதைவிட மூன்று மைல் அதிக தூரத்தில் சந்தை. சந்தை நான்காவது மைலில் இருக்கும். மூன்றாவது மைலில் இறங்கிவிட்டால் சந்தைக்குப் போய்ச் சேர முடியாது.

அதுபோல, இரண்டைவிட மூன்று மடங்கு அதிகம் என்றால் இரண்டும், அதன் மேல் மூன்று இரண்டும். ஆக எட்டு. ஆறு என்று சொன்னவர் 'மோர்' என்ற சொல்லைப் படிக்காமலே தாண்டிப் போயிருக்கிறார். நோய்க்காலத்தில் குறைவாகப் போடுவது ஊரைக் கொல்லுவதற்குச் சமம்.

இரா. தெய்வசிகாமணி, கணித ஆசிரியர்


கடுக்கம்பட்டி
8-9-87

அன்புள்ள மாமாவுக்கு,

தலையில அடிச்சிக்கணும் போல இருக்கு. 'மோர் தேன் யூ'ன்னா, நீங்க அவரை மதிக்கறதைவிட நான் ஜாஸ்தியா மதிக்கறேன்னு அர்த்தம். நீங்க அவரை எளப்பமா எழுதினீங்களே, அதுக்குப் பதில். உங்களைவிட அவரை மதிக்கறேன்னு எங்க எழுதினேன்? 'தேன் யூ டூ'ன்னு முடிச்சிருக்கணுமோ என்னமோ. அதைக்கூட நீங்கதானே சொல்லிக்குடுக்கணும்.

தாளை சாருகிட்ட காட்டினேன். ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் "சரி சிஸ்டர், எட்டே போடுங்க"ன்னு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டார். இனி பத்து நாள் கழிச்சித்தான் வருவார்.

அஞ்சாம் தேதியிலேர்ந்து எட்டு போடறேன். போட்ட அன்னைக்கே ஊரு கூடிடுச்சி. தண்ணி கண்ணை எரிக்குதாம். ரெண்டு பிள்ளைங்க குடிச்ச உடனே கக்கிடுச்சிங்க. இருசப்பன் கிணத்தடிக்கே வந்துட்டார். "நர்ஸம்மா, இத்தினி நாளா உன் மொகத்துக்காகக் குடிச்சோம். இது தண்ணி இல்ல, மருந்து. எங்க பொம்பளைங்க ஓடைக்குப் போவட்டும்"ன்னார். நான் கும்பிட்டுக் கேட்டேன், ஓடை மேலப்பட்டியிலேர்ந்து வருது, அங்கதான் நோய் இருக்கு, அந்தத் தண்ணி வேணாம்னு. "ஓடைத் தண்ணி ஓடற தண்ணி"ன்னுட்டார். குப்பாயி மட்டும் என்னைப் பாத்துப் பாவப்பட்டு அன்னைக்குக் கிணத்துல ஒரு குடம் மொண்டா. மறுநாள் அவளும் ஓடைக்குத்தான் போனா.

மாமா, நிஜமாவே எட்டுதானா? ஒருதரம் நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. ஆறுன்னா உடனே ஒரு கார்டு போடுங்க. தபால் ஜீப்பு புதன்கிழமையும் சனிக்கிழமையும் வருது. உங்க பதில் வர்ற வரைக்கும் எட்டே போடறேன். கார்டு வரலன்னா எட்டு சரின்னு எடுத்துக்கறேன்.

செல்வி


சங்கராபுரம்
13-9-87

செல்வி,

ஆறு போடு. உடனே ஆறு போடு. மற்றதைப் பிறகு படி.

எனக்கு முதலிலேயே தெரியும். உன் கேள்வி வந்த அன்றே என்னிடமிருக்கிற இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இந்த வகை வாக்கியத்தைச் சொல்லளவில் எடுத்தால் நான்கு மடங்கு வரும், ஆனால் வழக்கில் மூன்று மடங்கு என்றே எழுதுகிறார்கள், படிக்கிறார்கள் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நானே வகுப்பில் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு உனக்கு எட்டு என்று எழுதினேன்.

அவன் ஆறு என்று சொன்னான். அதனால் எட்டு என்றேன். அவன் எட்டு என்று சொல்லியிருந்தால் ஆறு என்று நிரூபித்திருப்பேன். அதற்கும் ஒரு முழம் பூ கிடைத்திருக்கும்.

உன் கடைசி வரிக்கும் இரண்டு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என்னைச் சுடுகிற அர்த்தத்தையே எடுத்து வைத்துக்கொண்டேன். நீ அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்திருப்பதும், அவன் சொல்வதைக் கேட்டு நீ தலையாட்டுவதும் தினமும் என் கண்ணில் நிற்கிறது.

16-9

இதை உறையில் போட்டு ஒட்டி, மூன்று நாளாகச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். தபாலாபீஸ் வரை இரண்டு முறை போனேன். 'மனைவியிடம் பொய் சொன்னேன்' என்று எழுதி அனுப்ப முடியவில்லை. 'ஆறு' என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஏன் மாற்றினாய் என்று கேட்பாய் என்று அதுவும் போடவில்லை. நாளை கட்டாயம் போட்டுவிடுவேன்.

18-9

நேற்று முதல் அன்புச்செல்வனுடைய சங்கத்தின் சாலை மறியல். ஏழு நாளைக்கு என்கிறார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

இன்று காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு உன்னிடமே கிளம்பினேன். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடக்கிறது. அதன் மேல் அன்புச்செல்வனும் அவன் ஆட்களும். "எங்கண்ணே போற? காக்காவே பறக்காது இன்னிக்கி" என்று கேட்டான். உன் அண்ணி ஒரு கிணற்றுக்கு நான் சொன்ன தப்பான அளவைப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அதைச் சொல்லப் போகிறேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. சும்மா வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

24-9

இன்று தபால் எடுக்கிறார்கள். அனுப்புகிறேன்.


கடுக்கம்பட்டி
25-9-87

மாமாவுக்கு,

கார்டு வரும்னு சனி, புதன்னு ரெண்டு ஜீப்பைப் பாத்தேன். வரல. வரலன்னா எட்டு சரிதான்னு இருந்தேன். அதுக்கப்புறம் ஜீப்பே வரல.

பதினேழாம் தேதி சாயங்காலம் முதல்ல மூணு பேருக்குப் பேதி கண்டுச்சி. மறுநாள் மொத்தம் பதினோரு பேர். எல்லாம் ஓடைத் தண்ணி குடிச்ச வூடுங்க. அதுல குப்பாயியும் ஒருத்தி. என்கிட்ட இருந்தது ரெண்டே சலைன் பாட்டில். உப்பும் சர்க்கரையும் கலந்து வூடு வூடா ஊத்திக்கினு இருந்தேன். யாருக்கும் வயித்துல நிக்கல.

பத்தொம்பதாம் தேதி விடியறப்போ வீரமணி சார் வந்து பாத்தார். பாத்த நிமிஷமே திரும்பி இறங்கிட்டார். பஸ் இல்ல, ஜீப் இல்ல. மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்திருக்கார். எத்தனை இடத்துல மறிச்சிருப்பாங்கன்னு நெனச்சிப் பாருங்க. அவர் எந்தத் தெருக்காரர்னு முதல்ல கேட்டிருக்காங்க. அதையும் சொல்லி, எதுக்குப் போறேன்னும் சொல்லி இருக்கார். திரும்பறப்போ தலையில ஒரு சலைன் பெட்டி, கையில ஒரு பெட்டி. புளியமரம் விழுந்து கெடந்த இடத்துல, மறியல் பண்ணின பசங்களே ஓடிவந்து ரெண்டு பெட்டியையும் வாங்கி மரத்துக்கு அந்தண்ட இறக்கி வெச்சிருக்காங்க. ஒருத்தர் மலையடிவாரம் வரைக்கும் சைக்கிள்ல வெச்சித் தள்ளிக்கினே வந்தாராம். சங்கராபுரத்து வாத்தியார் தம்பின்னு சொன்னாராம். நம்ம அன்புதான்.

சார் இருபத்தொண்ணாம் தேதி காலையில வந்து சேர்ந்தார். பத்துப் பேர் பொழைச்சாங்க. குப்பாயி முந்தின நாளே போயிட்டா. வயித்துப் பிள்ளையும் போயிடுச்சி. கடைசி வரைக்கும் நெனவு இருந்துச்சி. "அக்கா, நான் கிணத்துத் தண்ணியே குடிச்சிருப்பேன், கொமட்டிக்கிச்சி"ன்னு என்கிட்ட மன்னிப்பு கேட்டா. அவ என்கிட்ட கேட்டா மாமா.

நேத்து பெரிய ஆபீசர் வந்தார். எட்டுன்னு எவன் சொன்னான், ஆறுதானேன்னு கத்தினார். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள வீரமணி சார் "நான்தான் சார் சொன்னேன். ரிஜிஸ்டர்ல கையெழுத்து என்னுது"ன்னார். நான் மரமாட்டம் நின்னேன்.

ஆறுதானாம் மாமா. உங்களுக்கும் தெரியாம போச்சே.

செல்வி


கடுக்கம்பட்டி
30-9-87

உங்க கடிதம் வந்துச்சி. நாலு தேதி போட்டிருக்கீங்க.

தெரியாம சொல்லிட்டீங்கன்னு அஞ்சு நாளா உங்களுக்காக அழுதுக்கினு இருந்தேன்.

நேத்து வெள்ளிமலைக்கு நடந்து போய் ஆபீசரைப் பாத்தேன். ஆய்வாளர் ஆறுன்னுதான் சொன்னார், நான்தான் என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு எட்டுன்னு அவரை ஒத்துக்க வெச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்க தாளையும் வெச்சிட்டேன்.

பதினாறாம் தேதி சட்டைப்பையில இருந்த கடிதம் பேதி காண்றதுக்கு ஒருநாள் முன்னாடி வந்திருந்தா குப்பாயி இருந்திருப்பாளான்னு எனக்குத் தெரியாது. கெட்டுப்போன தண்ணியை அவ முன்னமே குடிச்சிருக்கலாம். ஆனா பதிமூணாம் தேதியே என் கடிதம் உங்க கையில இருந்துச்சி. புளியமரத்துகிட்ட நீங்க கேட்டிருந்தா அன்பு விட்டிருப்பார். அவரு சாரையே விட்டவரு.

இனிமே எனக்கு எழுதாதீங்க.

செ. செல்வி


சங்கராபுரம்
6-10-87

செல்வி,

எழுதாதே என்றாய். இருந்தும் எழுதுகிறேன்.

அன்புச்செல்வன் நேற்று சோறு தின்னும்போது சொன்னான். "பெட்டி தூக்கிக்கினு வந்த அந்த ஆள் சொன்னப்போதான் அண்ணிக்கு அங்க இன்னா நடக்குதுன்னே எனக்குத் தெரியும். நீ ஏண்ணே அன்னைக்கி ஒண்ணும் சொல்லல?" அம்மாவும் என்னைப் பார்த்தாள். பாதித் தட்டில் எழுந்துவிட்டேன். பள்ளிக்கு விடுப்பு போட்டிருக்கிறேன். வகுப்பில் 'அதைவிட' என்று ஒரு பையன் கணக்கு வாசித்தால் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

செய்ததற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. கேட்கவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த நிலையிலும் இப்படி ஒரு கேள்வி எனக்குள் எழுகிறதே என்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டுதான் கேட்கிறேன். அவர் ஏன் உனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார்? வேலை போயிருக்கும். ஜெயிலுக்குக்கூடப் போயிருக்கலாம். யாரோ ஒரு நர்சுக்காக ஒரு மனிதன் அதைச் செய்வானா? இதற்கு மட்டும் உண்மையான பதில் எழுது. அது என்னவாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

தெய்வசிகாமணி


கடுக்கம்பட்டி
14-10-87

மாமாவுக்கு,

ஒரு பொம்பளை செத்துப் போயிருக்கா. நீங்க இன்னும் அவருக்கும் எனக்கும் நடுவுல என்ன இருக்குன்னு எட்டிப் பாத்துக்கினே இருக்கீங்க. படிச்சப்போ எனக்குக் கோவம்கூட வரல. பாவமா இருந்துச்சி.

உங்க கேள்வியை நான் அவர்கிட்டயே கேட்டேன். அவரைத் திருக்கோவிலூர்ப் பக்கம் மாத்திட்டாங்க. எனக்கு மெமோ. மூட்டையைக் கட்டிக்கினு இருந்தார். ஏன் சார் எனக்காகப் பொய் சொன்னீங்கன்னு கேட்டேன். நிமிந்துகூடப் பாக்கல.

"உங்களுக்காக இல்ல சிஸ்டர். நான் பொய்யும் சொல்லல. எனக்கு ஆறுன்னு தெரியும். உங்க வூட்டுக்காரர் தாளைப் படிச்சேன். முழம், மைல்னு அவ்ளோ தெளிவா எழுதி, கீழ கணித ஆசிரியர்னு கையெழுத்து. எங்க வூட்டுல முதல்ல படிச்சவன் நான்தான். சின்ன வயசுலேர்ந்து வாத்தியாருங்க சொன்னா மறுபேச்சு கெடையாது. அவரு பெரிய வாத்தியாரு, அவரே சொல்றாரு, நமக்குத்தான் புரியலபோலன்னு நெனச்சிட்டேன். தெரிஞ்ச ஒண்ணை நான் விட்டுக்குடுத்தேன் பாருங்க, அதுதான் தப்பு. அதான் என்னுதுன்னு சொன்னேன்."

கேட்டுக்கிட்டீங்களா? அவர் மனசுல நான் எங்கயும் இல்ல மாமா. இருந்தது நீங்க. உங்களைத்தான் அவர் அவ்ளோ மதிச்சார்.

இருசப்பனுக்கு எட்டும் தெரியாது ஆறும் தெரியாது. மருமக எப்படிச் செத்தான்னு வர்றவங்க போறவங்களை எல்லாம் கேட்டுக்கினு இருக்கார். மலைச்சாமி கோவம்னு ஊர்ல சொல்றாங்க. நான் போய் அவர் முன்னாடி உக்காந்து, பவுடரை ஜாஸ்தியாப் போட்டது நான்தான்னு சொன்னேன். திட்டல. "போட்டது நீயி. போடச் சொன்னது ஆரு?"ன்னார். நான் பதில் சொல்லல. என் பங்கை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

என்னை மலையிறங்கச் சொல்றாங்க. நான் முடியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். கிணத்துக்கு மறுபடியும் நாலு வூட்டுக்காரங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. மீதி வூடும் வர்ற வரைக்கும் நான் இங்கதான்.

தீபாவளிக்கு என்னை எதிர்பாக்காதீங்க. அத்தை முழங்காலுக்குத் தைலம் அனுப்பறேன்.

செல்வி


சங்கராபுரம்
20-10-87

செல்வி,

கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. வீரமணி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்தேன். பிறகு திருக்கோவிலூருக்கு நேரிலேயே போனேன். அலுவலகத்து வாசலில் நின்று பேர் சொன்னேன். வெளியே வந்தார். என்னைவிடச் சின்னப் பையன், மெலிந்த உடம்பு, அன்று நடந்து புண்ணான காலில் இன்னும் கட்டு. என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றும் வரவில்லை. "ஆறுதாங்க சரி, எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "அப்படின்னா இதை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க?" என்றார். உள்ளே போய்விட்டார். நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

இது சனிக்கிழமை ஜீப்பில் உனக்கு வந்துவிடும், ஞாயிறு காலை கச்சிராயபாளையத்தில் முதல் பஸ் ஏறுகிறேன். வெள்ளிமலையிலிருந்து நடந்து வருவேன். நீ வழிக்கு வர வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். உன் வாசலுக்கு நான் முதலில் வரப்போவதில்லை. இருசப்பன் வீடு எது என்று யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்.

தெய்வசிகாமணி